த/பெ, க/பெ

2008ஆம் ஆண்டு, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பாடவேளை என்பதால் பாதிப் பிள்ளைகளுக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. நான் குடிமையியல் நடத்திக்கொண்டிருந்தேன். வாக்களிக்கும் வயது 18. பெண்ணின் திருமண வயது 18, ஆணின் திருமண வயது 21. கரும்பலகையில் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு, “ஒரு மார்க் கேள்வி, யாரும் விடக் கூடாது” என்றேன். நாலாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை.

“டீச்சர், 18க்கு முன்னாடி கட்டிவைக்கிறது தப்புன்னா, அத யார்ட்டப் போயிச் சொல்லணும்?”

வகுப்பு சிரித்தது. பின்வரிசைப் பையன்கள் ஏதோ சொன்னார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். “அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா, உக்காரு” என்றேன்.

எனக்கு விடை தெரியாது என்பதுதான் உண்மை. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. சட்டத்தின் பெயர் தெரியும், ஆண்டு தெரியும், வயது தெரியும். ஒரு பெண்பிள்ளை அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதை எனக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அரையாண்டுத் தேர்வு வரை வந்தாள். சமூக அறிவியலில் 78 வாங்கியிருந்தாள். பொங்கல் விடுமுறை முடிந்து வரவில்லை. தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள். சக ஆசிரியை ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு போயிருந்தார்கள். அம்மா மட்டும் இருந்தார். “மூணும் பொட்டப் பிள்ள டீச்சரம்மா. மாப்பிள்ள சொந்தந்தான். பவுனு இம்புட்டுன்னு கேக்கல. இத விட்டா வருமா?” என்றார். சட்டப்படி தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். “நாளைக்கு ஒண்ணுன்னா சட்டம் வந்து எம்பிள்ளையப் பாத்துக்கிருமா?” என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவள் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை. பெண்களின் பெயரைப் பற்றியே பேசப்போகிற ஒரு கட்டுரையில் இது முரண்தான். ஆனால் அவளுக்கு மாமியார் வீடு இருக்கிறது, நாத்தனார்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவதற்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

*

அந்தக் கோடை விடுமுறையில்தான் தேட ஆரம்பித்தேன். எனக்கு வரலாறுதான் பாடம், ஆகவே அவள் கேள்வியை வரலாற்றிடமே கேட்டேன். இந்த நாட்டில் சிறுவயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் அதை யாரிடம் போய்ச் சொல்ல முடிந்தது?

பம்பாயில் ருக்மாபாயைப் பதினோரு வயதில் கட்டிவைத்தார்கள். வளர்ந்து படித்த பிறகு கணவனோடு போய் வாழ அவர் மறுத்தார். அவர் எங்கும் போய் முறையிடவில்லை. அவரைத்தான் கணவன் நீதிமன்றத்துக்கு இழுத்தான். வழக்கு 1884இல் தொடங்கியது. கணவனிடம் போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறைக்குப் போ என்று 1887இல் உத்தரவானது. சிறைக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய். கடைசியில் பணம் கொடுத்துச் சமரசமாக முடிந்தது. அவர் இங்கிலாந்து போய்ப் படித்து மருத்துவராகத் திரும்பினார். வழக்கு நடந்த காலத்தில் பம்பாய்ப் பத்திரிகைக்குக் குழந்தை மணத்தைப் பற்றிக் கடிதங்கள் எழுதினார். அதில் சொந்தப் பெயரைப் போடவில்லை. ‘ஒரு இந்துப் பெண்மணி’ என்றுதான் கையெழுத்திட்டார்.

1890இல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி, பத்து பதினோரு வயதுதான் இருக்கும், கணவனின் வன்புணர்வால் செத்துப்போனாள். அதற்குப் பிறகு 1891இல் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தினார்கள். அந்த இரண்டு வயதுக்கே நாடு முழுக்க அத்தனை எதிர்ப்பு. மதம் போச்சு, குடும்பம் போச்சு என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

திருமணத்துக்கென்று வயது குறித்த சட்டம் 1929இல் வந்தது. அஜ்மீரைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்ததால் சாரதா சட்டம் என்று பெயர். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. சென்னைச் சட்டமன்றத்தில் திருமண வயதை உயர்த்தச் சொல்லிப் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஊர் ஊராகப் பெண்கள் சங்கங்கள் மனுக்கள் அனுப்பின. சட்டம் நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்கு வந்த நாள் 1930 ஏப்ரல் 1. நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்குள் அவசர அவசரமாகப் பிள்ளைகளுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிறுவயது மனைவிகளின் எண்ணிக்கை எகிறியிருந்தது. சட்டமன்றம் கொடுத்த அவகாசத்தைப் பெற்றோர்கள் முகூர்த்த நாளாக எடுத்துக்கொண்டார்கள்.

சரி, ஏப்ரல் 1க்குப் பிறகு யாரிடம் சொல்வது? போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்க முடியாது. ஒருவர் நீதிமன்றத்துக்குப் போய்ப் புகார் தர வேண்டும், அதுவும் கல்யாணம் நடந்து ஒரு வருடத்துக்குள். புகார் தருபவர் 100 ரூபாய் வரை ஜாமீன் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். புகார் பொய் என்றானால் எதிராளிக்கு நஷ்டஈடு போக வேண்டுமாம். 1930இல் 100 ரூபாய். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த வாசல் திறந்திருந்தது என்று யார் சொல்ல முடியும்?

இதைப் படித்தபோது நாலாவது பெஞ்சுக் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று புரிந்தது. சட்டம் வயதைச் சொன்னது, வாசலைச் சொல்லவில்லை. அந்த வாசலைத் திறக்க இன்னும் எழுபது எண்பது வருடம் ஆனது. 1978இல் வயது 18, 21 என்று உயர்ந்தது. (அப்போது வாக்களிக்கும் வயது 21. அதை 18 ஆக்கிய அரசமைப்புத் திருத்தம் 1989இல்தான் நடைமுறைக்கு வந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஒரு பெண் 18 வயதில் மனைவியாகலாம், வாக்காளராக இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்றிருந்தது. பாடப்புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு 18களும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல.) 2006ஆம் ஆண்டுச் சட்டம் 2007 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதில்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் என்று ஒருவர் வந்தார். நம் மாநிலத்தில் மாவட்டச் சமூக நல அலுவலருக்கு அந்தப் பொறுப்பு. போலீஸ் தானாகவே வழக்குப் போடலாம். நடக்கவிருக்கும் கல்யாணத்தை நீதிமன்றம் தடுக்கலாம். அப்படிக் கட்டிவைக்கப்பட்ட பெண், தனக்கு 18 முடிந்து இரண்டு வருடத்துக்குள், அதாவது 20 வயது முடிவதற்குள், அந்தத் திருமணமே செல்லாது என்று ஆக்கச் சொல்லி மனுப் போடலாம்.

2008 அக்டோபரில் அவள் என்னிடம் கேட்டபோது அந்தச் சட்டத்துக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. வாசல் திறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. நான் உட்காரச் சொன்னேன்.

*

அடுத்த வருடம் முதல் குடிமையியலை வேறு மாதிரி நடத்தினேன். பெரிய திட்டமெல்லாம் இல்லை. வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு வேலைக்கு எங்களை அனுப்புவார்கள். அப்போது கைக்கு வந்த பழைய பட்டியல் ஒன்று வீட்டில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு தாளாகக் கொடுத்தேன். “உங்க தெருவத் தேடுங்க. உங்க அம்மா, அப்பத்தா, அம்மாச்சி பேரு எப்படி இருக்குன்னு பாருங்க.”

கொஞ்ச நேரம் ஒரே கூச்சல். பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். அப்பத்தா பெயர் தப்பாக இருக்கிறது. செத்துப்போன தாத்தா உயிரோடு இருக்கிறார். ஒரு பையனுக்குத் தன் அம்மாச்சியின் பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை அவனுக்கு அவர் வெறும் அம்மாச்சிதான். அப்புறம் ஒரு பெண் கேட்டாள்: “டீச்சர், எங்கப்பாவுக்கு த/பெ போட்டிருக்கு, தாத்தா பேரு இருக்கு. எங்கம்மாவுக்கு மட்டும் க/பெ. அம்மாவுக்கு அப்பா இல்லையா?”

தந்தை பெயர், கணவர் பெயர். பத்திரம், ரேஷன் அட்டை, பட்டா, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் நாம் பார்த்துப் பழகிய இரண்டு குறிகள். ஆணுக்குச் சாகும் வரை ஒரே குறி. பெண்ணுக்கு நடுவில் மாறும். அவளை அடையாளம் காட்ட யாருடைய பெயர் வேண்டும் என்பதும் அதோடு மாறும். இனிஷியலும் அப்படித்தான் மாறுகிறது, இல்லையா என்று ஒரு பெண் கேட்டாள். பாதி வகுப்பு அம்மாவின் பழைய இனிஷியல் என்ன என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிக் கலைந்தது.

மறுநாள் கதைகளோடு வந்தார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத அப்பத்தாக்களின் கதைகள். ஆறுமுகத்தின் மனைவி கணக்கெடுக்க வந்தவரிடம் ஆறு விரலைக் காட்டி முகத்தைத் தொட்டுக் காட்டினாராம். இன்னொருவர், “மலையில நிக்கிற சாமி, பழனியில இருக்காருல்ல” என்று சுற்றி வளைத்தாராம். சிரித்துத் தீர்த்த பிறகு நான் அவர்களுக்கு வடக்கே நடந்த கதையைச் சொன்னேன்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். படிப்பு, சொத்து, சாதி, ஆண், பெண் என்ற எந்த வித்தியாசமும் இல்லாமல் 21 வயதான எல்லோருக்கும் வாக்கு. பட்டியல் எழுத வீடு வீடாகப் போனார்கள். பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. அந்நிய ஆணிடம் பெயர் சொல்லும் வழக்கமில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றார்கள். எழுதப்போனவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு வந்தார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. வாக்காளருக்குச் சொந்தப் பெயர் வேண்டும், திரும்பப் போய்க் கேளுங்கள் என்றார். கேட்டும் பெயர் தராதவர்களை நீக்கச் சொன்னார். அப்படி நீக்கப்பட்ட பெண்கள் ஏறக்குறைய 28 லட்சம். மொத்தப் பெண் வாக்காளர்கள் சுமார் 8 கோடி. நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசத்துப் பெண்கள்.

சென் செய்தது சரியா என்று வகுப்பைக் கேட்டேன். இருபத்தைந்து வருடத்தில் நான் பார்த்த நல்ல விவாதங்களில் அது ஒன்று. “ஓட்ட எடுத்துட்டாங்கல்ல, அதெப்படி சரி?” என்றாள் ஒருத்தி. “சரின்னு விட்டிருந்தா இன்னைக்கும் இன்னார் பொண்டாட்டின்னுதான் எழுதியிருப்பாங்க” என்றாள் இன்னொருத்தி. ஒரு பையன், “பேரு இல்லாட்டி அந்தாளு ரெண்டு பொண்டாட்டி பேருல கள்ள ஓட்டுப் போடலாம்ல?” என்றான். அவனுக்கு நிர்வாக மூளை.

நான் முதலில் சென் பக்கம்தான் இருந்தேன். மனைவி என்பது உறவு, பெயர் அல்ல என்று ஓர் அரசு அதிகாரி 1951இல் சொன்னது லேசான விஷயம் இல்லை. அடுத்த தேர்தலுக்குள் இந்தத் தயக்கம் போய்விடும் என்று அவர் எதிர்பார்த்ததும் வீண்போகவில்லை. ஆனால் வருடங்கள் போகப் போக அந்த 28 லட்சம் பேர்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறார்கள். பெயரை வெளியே சொல்லாதே என்று அவர்களை வளர்த்தது குடும்பம். வாசலில் நின்று கேட்டது அரசு. இரண்டுக்கும் நடுவில் நின்றவளுக்குத்தான் வாக்கு போனது. கேட்கப் போனது ஒரு பெண்ணாக இருந்திருந்தால் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மனைவி என்பதால் வாக்கு என்ற ஏற்பாட்டை அந்தப் பெண்களா கண்டுபிடித்தார்கள்? அரசாங்கம்தான் ஏற்கெனவே சட்டமாகப் போட்டு வைத்திருந்தது. கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1917 டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. அந்த ஆண்டுதான் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியிருந்தது. மார்கரெட் கசின்ஸ் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார். வாக்குரிமை பற்றி ஆராய வந்த சவுத்பரோ குழு பெண்களுக்கு வாக்கு இப்போதைக்கு நடைமுறைக்கு ஒவ்வாது என்றுவிட்டது. 1919 சட்டம் முடிவை மாகாணங்களிடம் தள்ளியது. 1921இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்களித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். ஆனால் சொத்து இருந்தால்தான் வாக்கு. பெண் பெயரில் எங்கே சொத்து?

1935 சட்டம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. சொத்துள்ள ஆணின் மனைவி என்றால் வாக்கு உண்டு, விதவை என்றாலும் உண்டு. ஏறக்குறைய 60 லட்சம் பெண்கள் வாக்காளர் ஆனார்கள். இதைப் பெண்கள் அமைப்புகள் கொண்டாடியிருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை, எதிர்த்தார்கள். மனைவி என்ற தகுதியில் எங்களுக்கு வாக்கு வேண்டாம், வயதுவந்த எல்லோருக்கும் கொடுங்கள் என்றார்கள். 1933இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக்குழு முன் சாட்சி சொன்ன மூன்று பேர் ராஜகுமாரி அம்ரித் கௌர், ஷரீஃபா ஹமீத் அலி, நம் முத்துலட்சுமி ரெட்டி. மூவரில் முத்துலட்சுமி புதுக்கோட்டையில் தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு உட்கார்ந்து படித்தவர். 1927இல் சட்டமன்றத்தில் நுழைந்து துணைத்தலைவர் ஆனவர். மனைவி என்ற அடையாளம் எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை என்பதை அவருக்கு யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது ஒரு பெண் கேட்டாள்: “அப்ப இத்தனை வருசமா க/பெ வேண்டாம்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்களா டீச்சர்?” ஆமாம் என்றேன். பட்டியலைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் அம்மா பெயருக்குக் கீழே பென்சிலால் தாத்தா பெயரை எழுதியிருந்தாள்.

*

இப்படி நடத்துவதில் சிக்கல் வராமல் இல்லை.

ஒரு வருடம் சொத்துரிமை. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005இல் மத்திய சட்டம் வந்த பிறகுதான் அந்தப் பிரிவினை போனது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய், “அம்மா, ஒனக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு, ஒம் பங்கு என்னாச்சு?” என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் இரண்டு அப்பாக்கள் தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிட்டார்கள். மாமன் வீட்டோடு உறவு முறிய நான் காரணமாகிவிடுவேனாம். பாடப்புத்தகத்தில் இருப்பதை மட்டும் நடத்தச் சொல்லி எனக்கு அறிவுரை கிடைத்தது. இதுவும் பாடத்தில் இருப்பதுதான் சார் என்றேன். “இருக்கு டீச்சர், அத வாசிச்சு விட்டுட்டுப் போங்க” என்றார்.

உள்ளாட்சிப் பாடம் இன்னும் மோசம். எங்கள் பகுதி மதுரை மாவட்டத்தின் மேற்கு. 1994 ஊராட்சிச் சட்டம், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று புத்தகம் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் எங்களுக்குப் பஸ்ஸில் போகிற தூரம். அங்கே தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்து வருடம் முறையான தேர்தல் நடக்கவிடவில்லை. மனுப்போட விடமாட்டார்கள், இல்லையென்றால் ஜெயித்தவரை அன்றைக்கே ராஜினாமா செய்யவைப்பார்கள். 2006இல்தான் தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். மேலூர்ப் பக்கம் மேலவளவில் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். மாவட்டத்துக்கு வெளியே உள்ள பள்ளிகளில் இது வரலாறு. எங்கள் வகுப்பில் இரண்டு தரப்புப் பிள்ளைகளும் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தேதிகளைச் சொன்னேன், சட்டப்பிரிவைச் சொன்னேன். கேட்டவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு நான் நடத்தியது நல்ல பாடம் என்று சொல்ல மாட்டேன்.

ஒதுக்கீட்டில் தலைவரான பெண்களைப் பற்றிப் பேசியபோது ஒரு பையன் எழுந்து, “எங்கம்மாதான் டீச்சர் பிரசிடெண்டு. ஆனா ஊர்ல பிரசிடெண்டுன்னு எங்கப்பாவத்தான் கூப்பிடுவாக” என்றான். வகுப்பே சிரித்தது. “செக்குல மட்டும் அம்மா கையெழுத்துப் போடுவாக” என்றும் சேர்த்துக்கொண்டான். ஒரு வருடம் கழித்து அதே அம்மா, கணவர் நீட்டிய காசோலை ஒன்றில் கையெழுத்துப் போட மறுத்து, ஊரே பேசும் சண்டையானது. பையன் என்னிடம் அதை ரகசியமாக, கொஞ்சம் பெருமையாகச் சொன்னான். 2016இல் பெண்களுக்கான ஒதுக்கீடு பாதியாக உயர்ந்தது. கையெழுத்துக் கேட்டு நீளும் கைகளும் அதற்கேற்ப அதிகமாகியிருக்கும்.

எந்தப் பாடம் எப்படிப் போனாலும் திருமண வயது வரும் நாளில் மட்டும் கரும்பலகையின் வலது மூலையில் மூன்று வரி எழுதி, வாரம் முழுக்க அழிக்காமல் வைத்திருப்பேன். மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் முகவரி, அங்குள்ள தொலைபேசி எண், 1098. நோட்டில் எழுத வேண்டாம், மனப்பாடம் செய்யுங்கள் என்பேன். நோட்டை வீட்டில் பார்ப்பார்கள்.

*

2014 ஏப்ரல் 24, நாடாளுமன்றத் தேர்தல். தேர்தல் பணிக்கு வேலை பார்க்கும் தொகுதியில் போட மாட்டார்கள். எனக்குத் தேனிப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி கிடைத்தது. நான் முதல் நிலை வாக்குப்பதிவு அலுவலர். பட்டியல் என் முன்னால் இருக்கும். வாக்காளர் சீட்டைப் பார்த்து வரிசை எண்ணையும் பெயரையும் முகவர்களுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசிக்க வேண்டும். வாக்களித்தவரின் கட்டத்தில் குறுக்குக்கோடு. பெண் என்றால் வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். மாலையில் வட்டங்களை எண்ணித்தான் எத்தனை பெண்கள் வாக்களித்தார்கள் என்று கணக்கு எழுதுவோம்.

பதினோரு மணி இருக்கும். பெண்கள் வரிசையிலிருந்து இடுப்பில் ஒரு குழந்தையோடு ஒருத்தி வந்து சீட்டை நீட்டினாள். எண்ணைப் பார்த்து, பட்டியலில் விரலை வைத்துப் பெயரை வாசித்தேன். க/பெ என்று போட்டு ஒரு பெயர். வயது 21. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னை முன்பே அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டு நின்றாள்.

21. எழுத்தைப் பார்த்ததும் கணக்குதான் முதலில் வந்தது. மனுப் போடும் காலம் அவளுக்கு 20 முடிந்தபோதே முடிந்துவிட்டது. போட வேண்டும் என்று அவள் நினைத்தாளா, அப்படி ஒன்று இருக்கிறது என்றாவது தெரியுமா, எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் கேட்கவும் முடியாது.

“அதே பேருல இன்னொண்ணு இருக்கு மேடம், வீட்டுக்காரர் பேரு கேளுங்க” என்றார் முகவர் ஒருவர். நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். கணவன் பெயரை, இனிஷியலோடு, தயங்காமல், பள்ளியில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதுபோல. முகவர் தலையாட்டினார். நான் கோடு போட்டு, வட்டம் போட்டேன்.

அடுத்த மேசையில் விரலில் மை வைத்தார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். அதே முத்து முத்தான எழுத்து. எழுந்து என் மேசையைத் தாண்டும்போது குனிந்து கேட்டாள்.

“இன்னும் பத்தாப்புத்தான் எடுக்குறீகளா டீச்சர்?”

“ஆமா.”

“யார்ட்டச் சொல்லணும்னு இப்பச் சொல்லித் தாறீகளா?”

“சொல்லித் தர்றேன்” என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை இருந்தது. வரிசையில் ஆட்கள் நின்றார்கள், முகவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் நான் அதைச் சொல்லவில்லை. அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். பீப் சத்தம் கேட்டது. அதற்குள் அடுத்த சீட்டு என் கைக்கு வந்திருந்தது. எண்ணைத் தேடி வாசித்தேன்.